உளுந்து காய்க்காததற்கு விதை காரணமா, தேதி காரணமா?

நீடாமங்கலம் பகுதி வாசகர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: அவரும் அவருடைய அண்ணனும் ஒரே கடையில், ஒரே மூட்டையிலிருந்து ஆடுதுறை 3 உளுந்து விதையைப் பிரித்து வாங்கினார்கள். நெல் அறுவடைக்கு முன்பு அண்ணன் தை 15-ஆம் தேதி தெளித்தார். இவர் மாசி 10-ஆம் தேதி தெளித்தார். அண்ணன் வயலில் கொத்துக் கொத்தாகக் காய். இவர் வயலில் செடி மஞ்சளாகி, பூ கொட்டி, பறிக்கும் கூலிக்கே விளைச்சல் போதவில்லை. "விதையில் கலப்படமா?" என்பது அவருடைய சந்தேகம்.

ஒரே மூட்டை விதை ஒரு வயலில் நன்றாகக் காய்த்திருக்கும்போது விதையைக் குறை சொல்ல முடியாது. இங்கே வித்தியாசம் தேதியில்தான் இருக்கிறது.

நெல் தரிசு உளுந்துக்குத் தண்ணீர் பாய்ச்சுவதில்லை. நெல் விட்டுச்செல்லும் ஈரமும் இரவுப் பனியும்தான் அதற்கு ஆதாரம். தெளித்த 35 நாளில் பூக்கும். 70 முதல் 75 நாளில் அறுவடைக்கு வரும். தை 15-ல் தெளித்த உளுந்து மாசி 20 வாக்கில் பூத்துவிடும். அப்போது மண்ணில் ஈரம் இருக்கும், பனியும் இருக்கும். மாசி 10-ல் தெளித்தது பங்குனிப் பாதியில்தான் பூக்கும். அதற்குள் களிமண் வெடிப்பு விட்டு வேர் அறுபடும். வெயிலில் பூ உதிரும். வெள்ளை ஈ பெருகி மஞ்சள் தேமல் நோயைப் பரப்பும். காய் முற்றும்போது கத்திரி வெயில் வந்துவிடும்.

தேதி எங்கே தவறியது?

இருவரும் செப்டம்பர் 25 வாக்கில் நாற்றங்கால் விட்டிருக்கிறார்கள். அண்ணன் நட்டது டி.கே.எம். 13, சுமார் 130 நாள் ரகம். பிப்ரவரி முதல் வாரத்தில் அறுவடை. இவர் நட்டது சி.ஆர். 1009, 155 நாளுக்கு மேல் ஆகும். மார்ச் பிறந்த பிறகுதான் அறுவடை. ஆக, உளுந்தின் விதைப்புத் தேதி தை மாதத்தில் முடிவாவதில்லை; புரட்டாசியில் நெல் ரகத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே முடிவாகிவிடுகிறது. ஆகஸ்ட் நடுவில் நாற்று விட முடிந்தால் சி.ஆர். 1009 போட்டாலும் தைக்குள் உளுந்து தெளிக்கலாம். ஆற்றில் தண்ணீர் தாமதமாக வரும் ஆண்டில், உளுந்தும் வேண்டும் என்பவர்கள் 130, 135 நாள் ரகத்துக்கு மாறிவிடுவதே நல்லது.

தெளிக்கும்போது கவனிக்க வேண்டியவை

* ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடுவுக்குள், நெல் அறுவடைக்கு 5 முதல் 10 நாள் முன்பு தெளிக்க வேண்டும். முன்பாதியில் தெளிப்பது இன்னும் நல்லது.

* மண் மெழுகுப் பதத்தில் இருக்க வேண்டும். கால் வைத்தால் தடம் பதிய வேண்டும். தடத்தில் தண்ணீர் ஊறக் கூடாது. ஈரம் மிகுந்தால் விதை அழுகும். குறைந்தால் மேலேயே கிடந்து வீணாகும்.

* ஏக்கருக்கு 10 முதல் 12 கிலோ விதை தேவை. கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து, அடுத்த நாள் ரைசோபியம் கலந்து, நிழலில் உலர்த்தித் தெளிக்கலாம்.

* அறுவடை இயந்திரம் இறங்கும் வயலில் சக்கரத்தடத்தில் செடி நசுங்கும். அதற்கேற்ப விதையைச் சற்றுக் கூட்ட வேண்டும். இயந்திரம் விட்டுப்போகும் வைக்கோலை உடனே அப்புறப்படுத்த வேண்டும்.

* சதுர மீட்டருக்கு 33 செடி இருந்தால் போதுமான எண்ணிக்கை.

* ஏக்கருக்கு 4 கிலோ டி.ஏ.பி.யை முதல் நாள் இரவே ஊறவைத்து, தெளிந்த நீரை எடுத்து, 200 லிட்டராக்கி மாலையில் தெளிக்க வேண்டும். பூக்கும்போது ஒரு முறை, 15 நாள் கழித்து மறுமுறை.

மாசி பிறந்துவிட்டால்?

ஆழ்துளைக் கிணறு உள்ளவர்கள் அறுவடைக்குப் பிறகு உழுது, ஆடுதுறை 5 போன்ற கோடை ரகத்தை வரிசைக்கு வரிசை 30 செ.மீ., செடிக்குச் செடி 10 செ.மீ. இடைவெளியில் விதைத்துத் தண்ணீர் பாய்ச்சலாம். ஏக்கருக்கு 8 கிலோ விதை போதும். தண்ணீர் வசதி இல்லாதவர்கள் மாசி பாதியில் உளுந்து தெளித்து விதைப் பணத்தை இழக்க வேண்டாம். கோடை மழைக்காகக் காத்திருந்து தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதால், அடுத்த நெல்லுக்காவது உரமாகும்.

நீடாமங்கலம் வாசகர் அடுத்த முறை மாற்ற வேண்டியது விதைக் கடையை அல்ல. செப்டம்பர் பின்பாதியில்தான் நாற்று விட முடியும் என்றால், நெல் ரகத்தை மாற்றினால் போதும்.