ஏட்டுச் சுரைக்காயும் கொல்லைக் குளமும்

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று மேடைதோறும் முழங்குகிறோம். முழங்கிவிட்டு, மறுநாள் ஆய்வுக்கூடத்தில் சென்ற ஆண்டு மாணவரின் ரெக்கார்டு நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படத்தைப் பார்த்துப் படம் வரைகிறோம்! ரோகு மீனின் செவுளும் செதிலும் பக்கக்கோடும் நம் எல்லோருடைய நோட்டிலும் உண்டு. அந்த ரோகு ஒரு வாரம் உயிரோடு இருக்க என்னென்ன வேண்டும் என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் வாய் திறப்போம்? விலங்கியல் பயிலும் மாணவன் பட்டம் பெறுவதற்குள் ஒரு சிறு குளத்தையாவது தன் கையால் பராமரித்துப் பார்த்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

எங்கள் வீட்டுக் கொல்லையில் பத்தடி நீளமும் ஆறடி அகலமும் உள்ள சிமெண்டுத் தொட்டி ஒன்று இருக்கிறது. கட்டியவர் என் தந்தை, அவர் கொத்தனார். சித்தாளாக நின்றவன் நான். பூச்சு காய்ந்தவுடன் மீன் விட்டுவிடலாம் என்று எண்ணுவோர் உண்டு. அப்பா அப்படிச் செய்யவில்லை. தொட்டி நிறைய நீர் விட்டு, வாழைத்தண்டைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டு ஊற வைத்தார். ஒரு வாரம் கழித்து அந்த நீரைத் திறந்துவிட்டார். மீண்டும் நிரப்பினார், மீண்டும் திறந்துவிட்டார். "சிமெண்டுக் காரம் இறங்கணும்டா" என்பதற்கு மேல் அவர் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. புதுச் சிமெண்டிலிருந்து கால்சியம் ஹைட்ராக்சைடு கரைந்து, நீரின் பி.எச். மதிப்பை மீன் தாங்காத அளவுக்கு உயர்த்திவிடும் என்கிறது வேதியியல். ஊறி அழுகும் தண்டிலிருந்து பிறக்கும் அமிலங்கள் அந்தக் காரத்தைத் தணிக்கின்றன. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் அப்பா. பி.எச். என்ற சொல்லையே அவர் கேட்டதில்லை. ஆனால் அவர் சொன்னதும் நம் பாடநூல் சொல்வதும் ஒன்றுதான். இந்த ஒற்றுமையைக் கண்டபோது எனக்குண்டான மகிழ்ச்சியை எந்தத் தேர்வு மதிப்பெண்ணும் தந்ததில்லை.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். கொல்லையில் மீன் வளர்த்து இலட்சம் சம்பாதிக்கலாம் என்று கைப்பேசியில் வரும் காணொளிகளை நம்பி யாரும் இறங்கிவிட வேண்டாம். கெண்டை மீன்களைக் கூட்டாக வளர்க்கும் குளத்தில் ஹெக்டேருக்கு ஐயாயிரம் முதல் பத்தாயிரம் குஞ்சுகள் விடுவது வழக்கம். அதிகபட்சக் கணக்கில் பார்த்தாலும் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு மீன். எங்கள் தொட்டியோ 60 சதுர அடி, அதாவது ஏறத்தாழ ஐந்தரைச் சதுர மீட்டர். ஆக, ஐந்தாறு மீன்! "ஆறு மீனுக்கா இத்தனை மூட்டை சிமெண்டு?" என்று அம்மா சிரித்தார். காற்றடிக்கும் பம்பும் வடிகட்டியும் வைத்தால் கூடுதலாக விடலாம்தான். ஆனால் மின்சாரம் நின்ற இரவில் அத்தனையும் மிதக்கும். எனவே ஆறு ரோகுக் குஞ்சுகளும், கொசுப் புழுக்களைத் தின்ன ஒரு கை கப்பி மீன்களும் விட்டோம். மீனில்லாத திறந்த தொட்டி கொசுவுக்குத் தொட்டில் கட்டியது போலாகும். தொட்டியின் மேல் வலை போடுவதும் அவசியம். காக்கைக்காக மட்டுமல்ல, வீட்டில் தவழும் குழந்தைக்காகவும்.

பிறகுதான் உண்மையான பாடம் தொடங்கியது. விடியற்காலையில் வாசல் தெளிக்க எழும் அம்மாதான் முதலில் கண்டார்: மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. உடனே குடத்தில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றத் தொடங்கினார். பகலில் பாசி ஒளிச்சேர்க்கை செய்து ஆக்ஸிஜனை வெளியிடுகிறது. இரவில் பாசியும் மீனும் பாக்டீரியாவும் சேர்ந்து அதைச் செலவழிக்கின்றன. ஆகவே கதிரவன் எழுமுன் நீரில் ஆக்ஸிஜன் மிகக் குறைவு. முதல் நாள் வானம் மூடியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். இதை நான் முதலாண்டில் படித்து, எழுதி, மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். ஆனால் குடத்தைத் தூக்கியவர் அம்மா!

தவிடும் கடலைப் புண்ணாக்கும் சரிபாதி கலந்துதான் தீனி. தின்று மிஞ்சியது அழுகினால் அம்மோனியா பிறக்கும். அது மீனுக்கு நஞ்சு. ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அதனை நைட்ரேட்டாக மாற்றிய பிறகே மீனுக்கு நிம்மதி. புதுத் தொட்டியில் இந்தப் பாக்டீரியாக்கள் பெருகச் சில வாரங்கள் ஆகும் என்பதால் தீனியைச் சிறுகச் சிறுகக் கூட்ட வேண்டும். வாரந்தோறும் அடியிலிருந்து எடுக்கும் நீர் கீரைப் பாத்திக்கும் வாழைக்கும் போகிறது. நைட்ரஜன் சுழற்சியைக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு வட்டமாக வரைவோமே, அது எங்கள் கொல்லையில் தண்டுக்கீரையாக நிற்கிறது. நீரின் தெளிவை அளக்க, 1865-இல் இத்தாலியப் பாதிரியார் செக்கி ஒரு வெள்ளைத் தட்டைக் கடலில் இறக்கிப் பார்த்தார். நான் முழங்கை வரை கையை விட்டு உள்ளங்கை தெரிகிறதா என்று பார்க்கிறேன்.

என் கருத்துக்கு மறுப்பு கல்லூரியிலிருந்து வருமுன் வீட்டிலிருந்தே வந்தது. "படிக்கிற புள்ள கையில எதுக்குடா மம்முட்டி?" என்றார் அப்பா. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். வெயிலில் கலவை சுமந்து தோல் வெடித்த கை அவருடையது; என் கை அப்படி ஆகிவிடக் கூடாது என்பதற்காகத்தான் அவர் சுமந்தார். அதில் உள்ள நியாயத்தை நான் மறுக்க மாட்டேன். உடலுழைப்பு உயர்ந்தது என்று நிழலில் இருந்துகொண்டு கட்டுரை எழுதுவது எளிது. ஆனாலும், படித்தவன் கையில் மண் ஒட்டக் கூடாது என்ற எண்ணம் என் தந்தையின் அன்பிலிருந்து வந்தாலும், நம் கல்லூரிக்குள் அது வேறு வேடம் பூண்டு நிற்கிறது. செய்முறை என்ற பெயரில் நாம் எதையும் செய்வதில்லை. கூலிக்காக மண்ணைச் சுமப்பது வேறு, அறிவதற்காக மண்ணைத் தொடுவது வேறு என்று அப்பாவிடம் வாதிட்டேன். அவர் முழுதும் ஒப்புக்கொண்டதாகச் சொல்ல முடியாது. ஆனால் மறுவாரம் வடிகால் குழாயை அவரே வந்து பொருத்தினார்.

1957 ஜூலை 10-ஆம் நாள் ஒடிசாவின் அங்குலில் ஹீராலால் சௌத்ரி என்னும் அறிஞர் கெண்டை மீன்களுக்குப் பிட்யூட்டரி சுரப்பிச் சாற்றை ஊசி மூலம் செலுத்தி முட்டையிடச் செய்தார். அதற்கு முன் வளர்ப்புக் குஞ்சுகளுக்கு ஆறுகளையே நம்பியிருந்தார்கள். இன்று அந்த நாள் தேசிய மீன் விவசாயிகள் நாளாகக் கொண்டாடப்படுகிறது. நம் பாடநூலில் ஐந்து மதிப்பெண் வினாவாக வரும் அந்தச் சாதனை, கரும்பலகையில் நிகழ்ந்ததன்று!

பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லையே என்று பேராசிரியர்கள் கூறக்கூடும். உண்மைதான். ஆனால் விங்க்ளர் முறையில் ஆக்ஸிஜன் அளக்கும் செய்முறை ஏற்கெனவே நம் பாடத்தில் இருக்கிறது. இப்போது குழாய் நீரில் அளக்கிறோம். அதையே ஒரு மீன் தொட்டியில், காலை ஐந்து மணிக்கும் மாலை மூன்று மணிக்கும் அளந்தால் என்ன? விடுதி மாணவர்கள் முறைபோட்டு எழுந்திருக்கலாம். வேதியியல் துறை நண்பர்கள் அம்மோனியாவை அளக்கட்டும். தாவரவியலார் பாசியையும் கீரைப் பாத்தியையும் பார்த்துக்கொள்ளட்டும். வெளியூரிலிருந்து வரும் மாணவர்கள் அவரவர் கொல்லையில் மண்புழுக் குழியோ கோழிக்கூடோ வைத்து, அந்தக் குறிப்பேட்டை ரெக்கார்டாகச் சமர்ப்பிக்க இடம் தரலாம். பார்த்து எழுத முடியாத ரெக்கார்டு அது ஒன்றுதான்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. கெம்பூசியா, ஆப்பிரிக்கக் கெளுத்தி போன்ற அயல் மீன்களை ஊர் ஏரியில் கொண்டுபோய் விடும் வேலை மட்டும் வேண்டாம். நம் உள்ளூர் மீன்களை அவை விட்டுவைப்பதில்லை.

நம் துறைக் கட்டடத்தின் பின்புறம் உலர்ந்து கிடக்கும் சிமெண்டுத் தொட்டியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இப்போது அதில் உடைந்த பெஞ்சுகள் கிடக்கின்றன. பத்துப் பேர் கூடினால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் காலி செய்து கழுவிவிடலாம். அடியில் இரண்டு இடத்தில் விரிசல் இருக்கிறது; பூசித் தருவதாக அப்பா சொல்லியிருக்கிறார். வாழைத்தண்டை நான் கொண்டு வருகிறேன்.