செவிக்கு ஒரு நியதி, சட்டத்துக்கு ஒரு நியதி

1865ஆம் ஆண்டில் இருபது ராஜ்யங்களின் பிரதிநிதிகள் பாரிஸ் நகரில் கூடித் தந்திப் போக்குவரத்துக்கென ஒரு சர்வதேசச் சங்கத்தை ஸ்தாபித்தபோது, அவர்களுடைய உடன்படிக்கை பிரெஞ்சு மொழியிலேயே எழுதப்பெற்றது; இன்று ஜெனீவாவைத் தலைமையிடமாகக் கொண்டு விளங்கும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் அச்சங்கத்தின் நேர் வாரிசு. ஒன்றியத்தின் அமைப்புச் சட்டம் ஆறு மொழிகளில் வெளியாகிறதாயினும், அவற்றுக்குள் பேதமோ வழக்கோ நேருமாயின் பிரெஞ்சு வாசகமே செல்லும் என்பது அச்சட்டத்தின் தீர்மானமான விதி. ஆனால் கப்பல்களிலும் விமானங்களிலும் அரசாங்க அலுவலகங்களிலும் நித்தியமும் புரட்டப்படுவதோ ஆங்கில வாசகந்தான். ஆகையால், வானொலித் தொடர்பைப் பற்றிய பிரெஞ்சுக் கலைச்சொற்களை ஆங்கிலப்படுத்தும் காரியம் பண்டிதர்களின் பொழுதுபோக்கு ஆகாது; அதில் மனித உயிர்களும் தேசங்களின் உரிமைகளும் சம்பந்தப்பட்டிருக்கின்றன. அக்காரியத்துக்கு ஒரே நியதி போதாது, செவிக்காகப் பிறந்த சொல்லுக்கு ஒன்றும் சட்டத்துக்காகப் பிறந்த சொல்லுக்கு மற்றொன்றுமாக இரண்டு நியதிகள் வேண்டும் என்பதே என் திடமான அபிப்பிராயம்.

செவிக்குரிய சொற்களை முதலில் எடுத்துக்கொள்வோம். எஸ்.ஓ.எஸ். என்னும் அபாயக் குறி மோர்ஸ் தந்திக்கென்றே அமைந்தது. மூன்று புள்ளி, மூன்று கோடு, மூன்று புள்ளி என்று தட்டிவிட்டால் எத்தகைய இரைச்சலிலும் அது தனித்து ஒலிக்கும். மனிதக் குரலையே அனுப்பும் வானொலித் தொலைபேசி விமானங்களில் ஏறியதும் அந்த அனுகூலம் போய்விட்டது. 'எஸ்' என்ற எழுத்து கரகரப்பில் கரைந்து வேறோர் எழுத்தாகக் கேட்கத் தொடங்கியது. லண்டனை அடுத்த குரோய்டன் விமான நிலையத்தில் வானொலி அதிகாரியாக இருந்த ஃபிரெடரிக் மாக்ஃபோர்டு என்பவர், அந்நாளில் அங்கிருந்து சென்ற விமானங்களில் பலவும் பாரிஸின் லெ பூர்ஜே நிலையத்தை நாடியே சென்றன என்பதை நினைவில் கொண்டு, 'எனக்கு உதவ' என்று பொருள்படும் 'மேதே' என்ற பிரெஞ்சுத் தொடரை ஆங்கிலேயரின் நாவுக்கு இசைந்த 'மேடே' ஆக்கித் தந்தார். 1923இல் குரோய்டனில் வழங்கத் தொடங்கிய அச்சொல்லை 1927இல் வாஷிங்டனில் கூடிய சர்வதேச மாநாடு உலகுக்கெல்லாம் பொதுவாக்கிற்று.

இலக்கணத்தில் கண்டிப்புள்ளவர்கள் இதற்கு ஆட்சேபம் சொல்லக்கூடும். ஆபத்தில் சிக்கிய பிரெஞ்சுக்காரன் தன் வாயால் அவ்விதம் கூவுவதில்லை, அவன் 'ஒ ஸெகூர்' என்றே அலறுவான் என்பது மெய்தான். ஆங்கிலேயனுக்கோ 'மேடே' என்பது மே மாதத்து முதல் நாளைக் குறிக்கும் பண்டிகைப் பெயர் என்பதும் மெய்தான். ஆனால் மாக்ஃபோர்டு பொருளை மொழிபெயர்க்க முற்படவில்லை. ஆங்கிலக் கால்வாயின் இரு கரைகளிலும் ஒருங்கே விளங்கும் ஒரு சப்தத்தைத் தேடினார். தீப்பற்றிய விமானத்திலிருந்து வரும் குரலைக் கேட்பவன் அதன் வேர்ச்சொல்லை ஆராய்வதில்லை. அந்தச் சப்தம் மும்முறை எழுந்தவுடன் அவன் பென்சிலை எடுத்து இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

நடுக்கடலில் இதன் மேன்மை இன்னும் துலக்கமாகத் தெரியும். 156.8 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் பதினாறாம் சானலில் ஒரு கப்பல் 'மேடே' என்று அழைக்கிறது. அதே சானலில் வேறு இரண்டு படகுகள், நிகழ்வதை அறியாமல், தங்களுக்குள் பேசிக்கொண்டிருக்கின்றன. மீட்புப் பணியை நடத்தும் நிலையம் அப்போது 'சிலான்ஸ் மேடே' என்று கட்டளையிடுகிறது; ஆபத்து நீங்கியதும் 'சிலான்ஸ் ஃபினி' என்று அக்கட்டளையை விலக்கிக்கொள்கிறது. இச்சொற்களைப் பிரெஞ்சு உச்சரிப்பிலேயே சொல்ல வேண்டும் என்று சர்வதேச வானொலி விதிகளே வற்புறுத்துகின்றன. ஆங்கிலேயர் 'சைலன்ஸ்' என்று உச்சரிக்கும் சொல் சாதாரணப் பேச்சில் எத்தனையோ தடவை வரும். மூக்கொலியோடு எழும் 'சிலான்ஸ்' கட்டளையாக மாத்திரமே வரும். யந்திரக் கோளாறு போன்ற அவசரங்களுக்கு உரிய 'பான்-பான்', புயலையோ மிதக்கும் மரக்கட்டையையோ பற்றி எச்சரிக்கும் 'செக்யூரிதே' ஆகியவையும் இந்த வம்சத்தில் பிறந்தவையே. தூத்துக்குடி மாலுமியும் நார்வே மாலுமியும் ஆபத்து வேளையில் ஒரே பிரெஞ்சைப் பேசுகிறார்கள். இச்சொற்களுக்கெல்லாம் தூய ஆங்கிலம் காண வேண்டும் என்று எவரேனும் முன்வருவாராயின், அந்த முயற்சியைத் தடுத்து நிறுத்துவதே தர்மம்.

சட்டத்துக்குரிய சொற்களின் கதி வேறு. அங்கே ஓசைக்கு மதிப்பில்லை, வரையறையே பிரதானம். வானொலி அலைவரிசைகளைப் பங்கிடும் முறையில் பிரெஞ்சு வாசகம் மூன்று படிகளை வகுக்கிறது. 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டையை ஒலிபரப்புக்கென்று ஒதுக்குவது போல, ஒரு பட்டையை ஒரு சேவைக்கு உரியதாக்குவது 'அத்ரிபூசியோன்'; அதில் ஒரு வரிசையை ஒரு தேசத்துக்கோ பிரதேசத்துக்கோ பங்காகக் கொடுப்பது 'அலொதிஸ்மான்'; ஒரு குறிப்பிட்ட நிலையம் அதைப் பயன்படுத்தலாம் என்று அநுமதிப்பது 'அசினியாசியோன்'. ஆங்கிலத்தில் இவை முறையே அலொகேஷன், அலாட்மென்ட், அசைன்மென்ட் ஆகும். முதற் சொல்லைக் கண்டவுடன் 'அட்ரிபியூஷன்' என்று எழுதத் துணிகிறவர், உருவ ஒற்றுமையை நம்பி முதற் படியிலேயே இடறி விழுகிறார். மூன்றையும் பொதுப்பட 'ஒதுக்கீடு' என்ற கருத்தில் கலந்து எழுதுகிறவரோ, ஒரு தேசத்துக்கு உள்ள உரிமையை ஒரு நிலையத்தின் உரிமமாகச் சுருக்கிவிடுகிறார். 'ஃபெஸோ எர்த்ஸியான்' என்பதை ஹெர்ட்ஸின் கதிர்க்கற்றை என்று பெயர்த்தால், கோபுரத்துக்குக் கோபுரம் நுண்ணலையைத் தாவவிடும் ரிலே இணைப்பைத்தான் அது குறிக்கிறது என்பதை எந்த என்ஜினீயரும் ஊகிக்க நேரமாகும். எனினும் மூலச் சொல்லையே ஏற்பதும் சில இடங்களில் தகும்: 'தொலைத்தொடர்பு' என்று நாம் சொல்லும் சொல்லின் மூலமான 'டெலிகம்யூனிகேஷன்' 1904இல் எதுவார் எஸ்தோனியே என்ற பிரெஞ்சு என்ஜினீயர் படைத்ததுதான். ஆங்கிலம் அதை அப்படியே ஏற்றுக்கொண்டு பயனடைந்தது.

எல்லாவற்றிலும் கடினமானது 'ப்ரூயாஜ்' என்ற சொல். கலக்குதல், குழப்புதல் என்ற பொருளுள்ள வினையிலிருந்து வந்தது அது. முட்டையைக் கலக்கிச் சமைப்பதற்கும் பிரெஞ்சுக்காரர் அதே வினையைத்தான் ஆளுகிறார்கள். இரண்டாம் உலக யுத்தத்தின்போது, ஜெர்மானியரின் பிடியில் இருந்த பிரான்சில், லண்டனிலிருந்து வந்த பிரெஞ்சு ஒலிபரப்பை இரகசியமாகக் கேட்டவர்களின் காதில் மோதிய கர்ணகடூரமான இரைச்சலுக்கும் அதுவே பெயர். வானொலி விதிகளிலோ அச்சொல்லில் துவேஷம் ஏதுமில்லை. ஒரு சமிக்ஞையை வேறோர் அலை கெடுப்பது எதுவும் ப்ரூயாஜ்தான். வேண்டுமென்றே செய்வதைக் குறிக்கப் பிரெஞ்சுக்காரர் ஓர் அடைமொழியைச் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆங்கிலத்துக்கோ இரண்டு சொற்கள் உண்டு: காரணம் எதுவாயினும் பொருந்தும் 'இன்டர்ஃபியரன்ஸ்' ஒன்று, எதிரியின் நோக்கத்தையும் சேர்த்துச் சொல்லும் 'ஜாமிங்' மற்றொன்று.

பிரெஞ்சு அதிகாரி ஒருவர் மத்தியதரைக் கடலுக்கு அப்பாலுள்ள ஒரு தேசத்தின் நிர்வாகத்துக்கு, தம் நாட்டு எஃப்.எம். நிலையமொன்றில் ப்ரூயாஜ் காணப்படுகிறது என்று கடிதம் எழுதுகிறார் என்று கொள்வோம். கோடையில் கடல்மேல் வெப்பக் காற்று அடுக்கடுக்காகத் தங்கும்போது, எஃப்.எம். அலைகள் தம் இயல்பான எல்லையைக் கடந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் செல்வதுண்டு. யாருடைய குற்றமும் இல்லாமலே இடையூறு நேரும். பழுதுபட்ட டிரான்ஸ்மிட்டரும் காரணமாகலாம், பகைமையும் காரணமாகலாம். மொழிபெயர்ப்பாளர் 'ஜாமிங்' என்று எழுதிவிட்டால், எழுதியவர் சாட்டாத குற்றத்தை ஒரு தேசத்தின் மீது சாட்டிவிடுகிறார். 2024இல் உக்ரைன், பிரான்சு, சுவீடன், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய நாடுகள், ருஷ்யப் பிரதேசத்திலிருந்து தங்கள் செயற்கைக்கோள் சேவைகளுக்கு இடையூறு விளைவதாக ஒன்றியத்திடம் முறையிட்டன. இத்தகைய வழக்குகளில் ஒவ்வொரு சொல்லும் சாட்சிக் கூண்டில் ஏறுகிறது. முன்பு எந்தச் சொல் அதிகமாக வழங்கியது என்று எண்ணிப் பார்த்து விடை தரும் கணினியிடம் இந்த நிர்ணயத்தை ஒப்படைப்பதற்கு நான் ஒருபோதும் சம்மதியேன்.

மூலத்தில் நோக்கம் கூறப்படாதவிடத்து, மொழிபெயர்ப்பாளர் அலைவரிசையை அளந்த என்ஜினீயரையே அணுகி, எந்த நேரத்தில், எந்தத் திசையிலிருந்து, எத்தனை நாளாக அந்த அலை வந்தது என்று கேட்க வேண்டும். கலைச்சொற் குழுக்களிலும் அகராதிக்காரரோடு கப்பல் வானொலிக்காரருக்கும் விமான நிலையத்துக் கட்டுப்பாட்டாளருக்கும் சமமான ஆசனம் அளிக்க வேண்டும். என்ஜினீயரின் விடை வந்து சேரும்வரையில் 'இன்டர்ஃபியரன்ஸ்' என்றே எழுதி, அதன் அருகில் பிரெஞ்சுச் சொல்லையும் அப்படியே நிறுத்திவைப்பதுதான் நியாயம்.