தென்னைக்கு விலை உண்டு, நடுகல்லுக்கு?

ஓசூர் விமான நிலையத்துக்குப் பேரிகை, பாகலூர்ப் பக்கம் கை காட்டியாகிவிட்டது. 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவித்தபோது 2,000 ஏக்கர் என்றார்கள், ஆண்டுக்கு 3 கோடி பயணிகள் என்றார்கள். அந்த மண்ணில் என்ன நிற்கிறது என்று மட்டும் சொல்லவில்லை. விமான நிலையம் வரட்டும், அதில் நமக்குச் சண்டை இல்லை. நம் கோபம் நடுகற்களுக்காக.

இந்த வட்டாரத்தில் ஏரிக்கரையிலும் கொல்லை மேட்டிலும் நடுகற்கள் நிற்கின்றன. ஆநிரை மீட்கப் போய் மாண்டவன், ஊரைக் காக்க நின்று செத்தவன், புலியோடு பொருதி விழுந்தவன் என்று ஒவ்வொன்றும் ஒரு சாவின் பதிவு. கிட்டப் போய்ப் பாருங்கள். கீழ்த்தட்டில் வாளும் வில்லுமாக வீரன். அதற்கு மேல் அவனைத் தோளணைத்து வானுலகம் கொண்டுபோகும் தேவமகளிர். உச்சியில் லிங்கத்தின் முன் கைகூப்பி அமர்ந்திருக்கிறான். சில கற்களில் தமிழ் எழுத்து, சிலவற்றில் கன்னடம். ஜனங்கள் வேடியப்பன் என்று மஞ்சள் பூசிக் கும்பிடுகிறார்கள். செங்கம் பக்கம் எடுத்தனூரில், மகேந்திரவர்மன் காலத்தில், எசமானைக் காத்து நின்ற கோவிவன் என்ற நாயின் பெயரையும் கல்லில் வெட்டி வைத்தார்கள். நாய்க்குக் கிடைத்த மரியாதை இன்று வீரனுக்கு இல்லை.

நிலம் எடுக்க வருகிறவர்கள் தென்னையை எண்ணுவார்கள், கிணற்றுக்கு விலை போடுவார்கள். நடுகல்லுக்குப் பட்டா கிடையாது, அதனால் பட்டியலில் இடமும் கிடையாது. 1966-ஆம் ஆண்டின் தொல்லியல் சட்டம் இருக்கிறதே என்பார்கள். அரசு அறிவிக்கை வந்தால்தானே அந்தச் சட்டம் அசையும்? புதருக்குள் நிற்கும் ஒற்றைக் கல்லுக்காக யார் கோப்பைத் திறப்பார்? கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்தில் கொண்டுபோய் வைத்தால் ஆயிற்று என்று இன்னொரு சமாதானமும் வரும். வீரனை அவன் ஊரிலிருந்து பிடுங்கிச் சுவரோரம் சாத்தி வைப்பதற்குப் பெயர் பாதுகாப்பா? எல்லைக்கு அந்தப் பக்கம் பெங்களூரு ராணுவ நினைவிடத்தில் 75 அடி உயரத்தில் புதிதாக ஒரு வீரகல்லை நிறுத்தியிருக்கிறார்கள். இங்கே பழையதை விட்டுக்கொடுக்கத் துடிக்கிறோம்.

அதிகாரிகளின் இந்த அலட்சியம் நமக்குப் புதிதல்ல. கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கும்போதெல்லாம் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அடுத்த மழைக்கு நுரை திரும்பி வருகிறது. கிருஷ்ணகிரிக்கு ரயில் விடுகிறோம் என்று ஒவ்வொரு முறையும் ஆய்வு நடக்கிறது, தண்டவாளம்தான் வந்தபாடில்லை. மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு 4,200 ஆண்டுப் பழமை என்று 2022-இல் அறிவித்துக் கொண்டாடிய அதே கிருஷ்ணகிரி மாவட்டம் இது. மண்ணுக்குள் கிடந்தது பெருமை, மண்ணுக்கு மேல் நிற்பது இடைஞ்சலா?

பொக்லைன் இறங்கும் முன் ஏதாவது செய்தாக வேண்டும். ஊர்க்காரர்களை, விவரம் தெரிந்தவர்களை உட்காரவைத்துப் பேசி அரசு ஒரு வழி காணட்டும். கல் இருப்பதே எங்களுக்குத் தெரியாது என்று நாளைக்குக் கையை விரிக்க வேண்டாம். இதோ, இன்றே அச்சில் சொல்லியாகிவிட்டது.