அதே இடத்தில் மறுபடி வரும் இமைக் கட்டி: பெரம்பலூர், அரியலூர் பொது மருத்துவர்களின் நிலைப்பாடு

நாற்பது வயதைக் கடந்த ஒருவருக்கு, இமையில் அதே இடத்தில் கட்டி மறுபடி வந்தால் இன்னொரு ஆயின்ட்மென்ட் எழுதிக் கொடுத்து அனுப்ப மாட்டோம். கண் மருத்துவரிடம் அனுப்புவோம். அங்கே வெட்டி எடுக்கும் சதை குப்பைக்குப் போகாமல் பயாப்ஸிக்குப் போக வேண்டும். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் சிகிச்சையளிக்கும் பொது மருத்துவர்களாகிய எங்கள் நிலைப்பாடு இதுதான்.

யாரையும் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. கண் கட்டி என்று வருபவர்களில் பெரும்பாலோருக்கு ஆபத்து இல்லை. இமை முடியின் வேரில் சிவந்து, வலித்து, சீழ் கோக்கும் கட்டி ஒரு வாரம் பத்து நாளில் உடைந்து ஆறிவிடும். வலியில்லாமல் பட்டாணி போல உருளும் கலேசியான், எண்ணெய்ச் சுரப்பி அடைத்துக்கொள்வதால் வருவது. இரண்டுக்கும் முதல் மருந்து வெந்நீர் ஒத்தடம்: பொறுக்கும் சூட்டில் சுத்தமான துணி, ஒரு வேளைக்குப் பத்து நிமிடம், நாளைக்கு மூன்று நான்கு வேளை. கலேசியான் கரைய வாரக்கணக்கில் ஆகும். ஆன்டிபயாட்டிக் மாத்திரை பெரும்பாலும் தேவைப்படாது. நாமக்கட்டியை உரசி இமைமேல் போடும் பாட்டிகளோடு எங்களுக்குச் சண்டையில்லை, அது கண்ணுக்குள் போகாதவரை. பச்சிலைச் சாறும் தாய்ப்பாலும் கண்ணில் விடவே கூடாது. கட்டி அடிக்கடி வருகிறவர்களுக்குச் சர்க்கரை பார்க்கிறோம்.

பிறகு ஏன் இந்த அறிக்கை? மேலை நாட்டுப் பாடநூல்களில் இமைப் புற்று என்றால் பெரும்பாலும் கீழ் இமையில் வரும் பேசல் செல் வகை. இந்தியாவில் செபேசியஸ் கார்சினோமா என்ற இன்னொரு வகையின் பங்கு அங்கிருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். எண்ணெய்ச் சுரப்பிகளிலிருந்து கிளம்பும் இது, அந்தச் சுரப்பிகள் கூடுதலாக உள்ள மேல் இமையில்தான் அதிகம் வருகிறது. பார்வைக்குச் சாதாரண கலேசியான் மாதிரியே இருக்கும், அல்லது ஆறாத இமை அழற்சி மாதிரி. நோயாளிக்கு வலி இல்லை, மருத்துவருக்குச் சந்தேகம் இல்லை. மாதங்கள் ஓடிவிடுகின்றன. சிறியதாக இருக்கும்போதே முழுதாக அகற்றினால் கண்ணும் உயிரும் பிழைக்கும். நிணநீர்க் கட்டிகளுக்குப் பரவிவிட்டால் கதை வேறு.

எங்கள் பகுதிக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரித் தூசி கண்ணை உறுத்தாத ஆள் குறைவு. அதனால் கண் சிவந்தாலே பழி தூசிக்குப் போய்விடுகிறது. தூசி இரண்டு கண்ணையும்தான் உறுத்தும். ஒரே கண்ணின் இமை மட்டும் மாதக்கணக்கில் சிவந்து தடித்திருந்தால் அதற்குத் தூசியைக் காரணம் காட்டுவதை நாங்கள் ஏற்கவில்லை.

கட்டி இருக்கும் இடத்தில் முடி உதிர்வது, இமை விளிம்பின் வடிவம் கெடுவது, புண்ணாகி ரத்தம் கசிவது, கரும்புள்ளி வளர்வது, இவற்றில் ஒன்று இருந்தாலும் வயதைப் பார்க்காமல் அனுப்ப வேண்டும். டார்ச் அடித்து, இமையைப் புரட்டிப் பார்த்து, நிணநீர்க் கட்டி உண்டா என்று காதின் முன்பும் தாடைக்குக் கீழும் தடவிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். கட்டியின் அளவைச் சீட்டில் எழுதினால் அடுத்த மருத்துவருக்கு உதவும். சந்தேகக் கட்டியைக் கிளினிக்கிலேயே கீறிப் பார்ப்பதை முற்றிலும் எதிர்க்கிறோம். இமை வீக்கத்தோடு காய்ச்சல், விழி துருத்தல், பார்வை மங்கல், விழியை அசைத்தால் வலி என்று வந்தால், குறிப்பாகக் குழந்தைக்கு, அன்றைக்கே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்.

மருந்துக்கடைக்காரர்களுக்கு: சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு சொட்டு மருந்து தராதீர்கள். சிவப்பு அடங்கி நோய் மறைந்திருக்கும். தொடர்ந்து விட்டால் கண் அழுத்தமும் கண்புரையும் வரும்.

அரசிடமும் கேட்கிறோம். அரியலூரில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாயிற்று. பெரம்பலூரில் இன்னும் இல்லை. முந்திரி, பருத்தி வேலைக்குப் போகிறவர் திருச்சிக்குப் பஸ் ஏறினால் ஒரு நாள் கூலி போயிற்று. ஆகவே நோயாளி அலையாமல் பயாப்ஸிக்கான சதைத் துண்டு மட்டும் பயணம் செய்ய ஏற்பாடு வேண்டும். 2021 முதல் வீடு தேடி வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்ட ஊழியர்களுக்கு, முடி உதிர்ந்த இமையையும் கவனிக்கப் பயிற்சி தர வேண்டும்.

இமைக் கட்டியை எடுத்துக்கொண்டவர்கள் பயாப்ஸி ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள். அடுத்த முறை எந்த மருத்துவரிடம் போனாலும் அதைக் கையோடு கொண்டுபோங்கள்.