கேட்கும் தூரத்தில் இடம் வேண்டும்

கூலி பாக்கி, கரும்புக்கான நிலுவைத் தொகை, ஓய்வுபெற்றும் கைக்கு வராத பணப்பலன், ஊரக வேலைத் திட்டத்தில் தாமதமாகும் ஊதியம். இக்குறைகளோடு நகரத்துக்கு வருவோர் நிற்பதற்கான இடம் சுருங்கிவருகிறது. போராடும் உரிமையை யாரும் வெளிப்படையாக மறுப்பதில்லை. ஆனால், அந்தக் குரல் எட்ட வேண்டியவர்களுக்கு எட்டாத மூலைக்குப் போராட்டங்கள் தள்ளப்படுகின்றன. இந்தப் போக்கு ஆபத்தானது.

பொருளாதாரக் குறைக்கு இடம் இன்றியமையாதது. விபத்தும் கலவரமும் தாமாகவே செய்தியாகிவிடும். ஆறு மாதச் சம்பள பாக்கி தானாகச் செய்தியாவதில்லை. அது ஒரு கோப்புக்குள் அடங்கிவிடும். அந்தக் கோப்பில் கையெழுத்திட வேண்டியவரின் பார்வையிலும், அவரைத் தேர்ந்தெடுத்த மக்களின் பார்வையிலும் நின்றால்தான் குறை வெளியே தெரியும். எங்கே நிற்கிறோம் என்பது கோரிக்கையின் ஒரு பகுதி.

உழைப்பவர்கள் இதை நெடுங்காலமாக அறிந்திருக்கிறார்கள். 1923 மே 1 அன்று தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் மே தினக் கூட்டங்களை நடத்தியது சென்னைக் கடற்கரையில். அவற்றில் ஒன்று உயர் நீதிமன்றத்துக்கு எதிரே. 1988 அக்டோபரில் உழவர் தலைவர் மகேந்திர சிங் திகாயத் தலைமையில் லட்சக்கணக்கான உழவர்கள் கரும்பு விலைக்காகவும் மின் கட்டணச் சலுகைக்காகவும் திரண்டது டெல்லி போட் கிளப் திடலில். 2017 மார்ச்சில் தமிழக விவசாயிகள் வறட்சி நிவாரணமும் கடன் தள்ளுபடியும் கேட்டு, மண்டை ஓடுகளோடு அமர்ந்தது டெல்லி ஜந்தர் மந்தரில். வயலில் நின்று கேட்டபோது கிடைக்காத கவனம் அங்கே கிடைத்தது.

அந்த இடங்களுக்கு ஒவ்வொன்றாகத் தடை விழுந்தது. போட் கிளப் 1993-இல் மூடப்பட்டதும் ஜந்தர் மந்தர் போராட்டக் களமானது. ஒலி மாசைக் காரணம் காட்டி 2017 அக்டோபரில் அங்கும் தடை வந்தது. 2018 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த முழுத் தடையை நீக்கியது. சென்னை மெரினா கடற்கரையில் போராட்டங்களுக்கு அனுமதி இல்லை என்ற நிலையை 2018-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றது. ஓர் இடத்தை மூடுவதற்குக் காரணம் இருக்கலாம். அதற்கு ஈடான இன்னோர் இடத்தைத் திறக்காததற்குக் காரணம் எதுவும் இருக்க முடியாது.

சட்டத்தின் நிலை தெளிவானது. ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையை அரசமைப்பின் 19(1)(ஆ) பிரிவு அளிக்கிறது. பொதுக் கூட்டங்களை அரசு ஒழுங்குபடுத்தலாம், பொதுவெளியை அடியோடு மூடிவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1972-இலேயே தீர்ப்பளித்தது. பொதுச் சாலையைக் காலவரையின்றி அடைத்து அமர முடியாது என்று 2020-இல் கூறியதும் அதே நீதிமன்றம்தான். இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால் அரசின் கடமை விளங்கும்: சாலையை விட்டு எழச் சொல்லும் அரசு, உட்கார இடம் காட்ட வேண்டும்.

நடைமுறையில் அனுமதி என்பதே ஓசையில்லாத தடையாகிறது. விண்ணப்பத்துக்குப் பல நாள் பதில் இருக்காது. முந்தைய நாள் இரவில் மறுப்புக் கடிதம் வரும். நீதிமன்றம் செல்ல அவகாசம் இருக்காது. மீறி வருபவர்கள் வேனில் ஏற்றப்பட்டு, ஏதாவதொரு திருமண மண்டபத்தில் வைக்கப்பட்டு, மாலையில் விடுவிக்கப்படுவார்கள். அன்றைய நாள் முடிந்துவிடும்; கூலி பாக்கி அப்படியே இருக்கும்.

மற்றவர்களின் உரிமையும் உரிமைதான். ஆம்புலன்ஸுக்கு வழி வேண்டும். குடியிருப்பவருக்கு இரவில் அமைதி வேண்டும். தேர்வு எழுதும் மாணவர் நேரத்துக்குப் போக வேண்டும். இடத்தைத் தேர்ந்தெடுக்கும் அமைப்புகள் இதை மறக்கலாகாது. குறைக்குப் பொறுப்பானவரின் கண்ணில் படும் இடம் சரியான தேர்வு. குறையோடு தொடர்பே இல்லாத பேருந்துப் பயணியை மணிக்கணக்கில் நிறுத்திவைக்கும் இடம் தவறான தேர்வு. கூலி இழந்தவரின் ஆதரவாளராக வேண்டிய பொதுமக்களை அது எதிராளியாக்கிவிடும்.

பொறுப்பு முதன்மையாக ஆட்சி நிர்வாகத்துடையது. ஒவ்வொரு மாநகரிலும் மாவட்டத் தலைநகரிலும், முடிவெடுக்கும் அலுவலகங்களிலிருந்து கேட்கும் தூரத்தில் ஒரு போராட்டத் திடலையாவது மாநில அரசு அறிவிக்க வேண்டும். அங்கே நிழல், குடிநீர், பெண்களுக்குக் கழிப்பறை ஆகியவற்றை உள்ளாட்சி அமைப்பு ஏற்படுத்தித் தர வேண்டும். அனுமதியை மறுத்தால், காவல் துறை எழுத்துபூர்வமான காரணத்தை நீதிமன்றம் செல்லும் அவகாசத்தோடு தர வேண்டும். குறைக்குப் பொறுப்பான துறையின் அதிகாரி ஒருவர் அதே நாளில் திடலுக்கு வந்து மனுவைப் பெற்று, பதில் தரும் தேதியையும் அறிவிக்க வேண்டும்.

இடம் மறுக்கப்படும்போது குறை மறைந்துவிடுவதில்லை. அது நெடுஞ்சாலைக்கும் தண்டவாளத்துக்கும் நகரும்; அங்கே பேச்சுக்கு வாய்ப்பு குறையும், மோதலுக்கு வாய்ப்பு கூடும். அதன் விலையைக் கூலி கேட்டு வந்தவரும், பணிக்கு நிற்கும் காவலரும், வழியில் சிக்கும் பயணியும் சேர்ந்தே கொடுப்பார்கள். அந்த நிலை வருமுன் அரசு இடம் ஒதுக்க வேண்டும். கேட்கும் தூரத்தில் ஒதுக்க வேண்டும். ஒதுக்கிய இடத்துக்கு வந்து கேட்கவும் வேண்டும்.