கோட்டி என்று யார் சொல்வது?

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் பைத்தியத்தைக் 'கோட்டி' என்போம். பாளையங்கோட்டை நீதிமன்றத்தில் சொத்து வழக்கு நடத்திப் பிழைக்கிற எனக்கு அது தினமும் காதில் விழுகிற சொல். வழக்குக் கட்டுக்குள் வரும்போது மட்டும் 'புத்தி சுவாதீனமற்றவர்' என்று சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வரும். வயதான அம்மாவோ ஆச்சியோ மகனுக்கு எழுதிவைத்தால் பூரண தெளிவோடு எழுதினாள் என்பார்கள். மகளுக்கு எழுதினாளா, அன்றைக்கே அவளுக்குக் கோட்டி பிடித்துவிடும்.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு வழக்கு. கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் பத்து மரக்கால் விதைப்பாடு வயல். எண்பது தாண்டிய ஆச்சி அதை மகளுக்கு செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிட்டார். மகன் வழக்குப் போட்டார், அதுவும் அம்மாவின் பெயரிலேயே. அம்மாவுக்குப் புத்தி சரியில்லை, அவர் சார்பில் நான் நடத்துகிறேன் என்று. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 32-ஆவது கட்டளையில் அதற்கு வழி இருக்கிறது. ஆனால் அந்த நபரால் தன் நலனைத் தானே காத்துக்கொள்ள முடியாதா என்று நீதிமன்றம் முதலில் விசாரிக்க வேண்டும். அந்த விசாரணைக்கு ஆச்சி வந்தார். நான் மகளுக்காக ஆஜரானேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்: "இன்னைக்கு என்ன தேதி பாட்டி?"

"தேதியெல்லாம் தெரியாது ஐயா. பிசானத்துக்கு நட்டு இருவது நாளாச்சு."

"முதலமைச்சர் யாரு?"

ஆச்சி யோசித்தார். தெரியவில்லை. மகன் முகத்தில் ஒரு வெளிச்சம்.

பிறகு நீதிபதியே கேட்டார், வயலை யாருக்கு எழுதினீர்கள் என்று. "எம்மவளுக்குத்தான் ஐயா. நாந்தான் எழுதுனேன். கீழ வயலு மட்டும். மேல மடைப் பக்கம் உள்ளது அவங்கிட்டதான் இருக்கு. காலு வெளங்காம கெடந்தப்போ பீ மூத்திரம் அள்ளுனவ அவ. அவன் போன் பண்ணுவான்."

சட்டம் கேட்பது இதைத்தான். 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு, செய்கிற காரியத்தைப் புரிந்துகொண்டு, அதனால் தனக்கு வரும் நன்மை தீமையை யோசிக்க முடிந்தால் போதும் என்கிறது. காலண்டர் கேட்கவில்லை. 1925-ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 59-ஆவது பிரிவு இன்னும் தாராளம். காது கேட்காதவர், பேச முடியாதவர், பார்வையற்றவர், செய்வது இன்னதென்று தெரிந்தால் உயில் எழுதலாம். மனநோய் உள்ளவர்கூடத் தெளிவாக இருக்கிற இடைவேளையில் எழுதலாம். நூறு வருடப் பழைய சட்டத்துக்கு இருக்கிற ஈரம் நம் வீட்டுத் திண்ணைகளில் இல்லை.

இங்கிலாந்தில் ஜான் பேங்க்ஸ் என்றொருவர் இருந்தார். செத்துப்போன ஓர் ஆள் தன்னைத் துரத்துகிறான் என்று நம்பியவர், மனநோய் விடுதியில் அடைக்கப்பட்டவர். தன் வீடுகளை உடன்பிறந்தவர் ஒருவரின் மகளுக்கு உயில் எழுதினார். அந்தப் பிரமை உயிலின் முடிவைத் தொடவில்லை, அதனால் உயில் செல்லும் என்று 1870-இல் தீர்ப்பானது. உயில் என்றால் என்ன, தன் சொத்து எவ்வளவு, தன்மீது உரிமை உள்ளவர்கள் யார் யார் என்று அவருக்குத் தெரிந்திருந்ததா என்றுதான் பார்த்தார்கள். நம் நாட்டில் 2017-ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டமும், ஒருவருக்கு மனநோய் இருக்கிறது என்பதை மட்டும் வைத்து அவரைப் புத்தி சுவாதீனமற்றவர் என்று கொள்ளக்கூடாது, அதை நீதிமன்றம்தான் அறிவிக்க வேண்டும் என்கிறது.

ஏமாற்றே நடப்பதில்லையா என்று கேட்பீர்கள். நடக்கிறது. ஞாபகம் முழுக்கப் போன கிழவரைக் காரில் தூக்கிக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்க் கைநாட்டு வாங்குகிறவர்கள் உண்டு. அதில் மகள்களும் உண்டு. 1959-இல் வேங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கும் அளவுகோல் தந்திருக்கிறது. உயிலால் பெரிய லாபம் அடைகிறவரே அதை எழுதுவிப்பதிலும் முன்னால் நின்றிருந்தால், அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கிற பொறுப்பு அவர் தலையில். சரியான கேள்விதான். மகனுக்கு எழுதும்போதும் அதைக் கேளுங்கள் என்கிறேன். அப்போது ஏன் யாருக்கும் வாய் திறப்பதில்லை?

இதில் எனக்கும் பங்கு உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு மகனுக்காக அந்த வரியை நானே டைப் அடித்திருக்கிறேன், அவருடைய அம்மாவை ஒருமுறைகூடப் பார்க்காமல். எதிர்த்தரப்பில் என்னைப் போலவே இன்னொருவர், 'தெளிந்த மனதுடனும் பிறர் தூண்டுதல் இன்றியும்' என்று எல்லாப் பத்திரத்திலும் வருகிற அச்சு வாசகத்தைக் காட்டிக்கொண்டு நின்றார். இரண்டு வாசகத்திலும் அந்த அம்மா இல்லை. அவர் குரலை யாருமே எழுதிக்கொள்ளவில்லை. வழக்கு முடியும் முன்பே இறந்துபோனார்.

இதை வாசிக்கிற உங்களுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். வீட்டில் ஒரு ஆச்சியோ அம்மாச்சியோ இருக்கக்கூடும். அடுத்தமுறை பெரியப்பாவோ மாமாவோ "அவளுக்கு இப்பல்லாம் ஒண்ணும் புரியமாட்டேங்கு" என்று தொடங்கினால், கொஞ்சம் நிறுத்துங்கள். ஆச்சி பக்கத்தில் போய் உட்கார்ந்து, என்ன செய்ய நினைக்கிறாள், ஏன் என்று அவளிடமே கேளுங்கள். காரணத்தை அவள் வாய்ச் சொல்லிலேயே பத்திரத்தில் எழுதச் சொல்லுங்கள். என்னைப் போன்ற வக்கீல்கள் வந்து சேர்வதற்கு முன்னால் அதைச் செய்துவிடுங்கள்.