ஓரறிவு முதல் ஆறறிவு வரை ஒரு காலை நடை

சென்னையில் லாரி லாரியாகக் கட்டட இடிபாடு கொட்டப்பட்ட ஒரு நிலத்தில் இன்று அலையாத்தி மரங்கள் நிற்கின்றன. அடையாறு கடலைச் சேரும் இடத்துக்குச் சற்று முன், வடக்கே கிளைத்து குயிபிள் தீவைச் சுற்றிக் கிடக்கும் ஓடையின் கரை அது. ஒரு காலத்தில் கடல்நீர் ஏறி இறங்கிய சதுப்பு. நகரம் வளர வளரத் தன் குப்பையையும் சாக்கடையையும் அங்கே தள்ளியது. சுற்றிலும் கட்டடங்கள் எழுந்தன. குடிமக்கள் அமைப்புகள் நீதிமன்றம் வரை போய் வாதாடியிராவிட்டால் மிச்சமிருந்த இடமும் கான்கிரீட்டுக்குள் போயிருக்கும்.

அப்படித் தப்பிய 58 ஏக்கர்தான் அடையாறு பூங்கா. 2011 ஜனவரி 22 அன்று அப்போதைய முதல்வர் மு. கருணாநிதி திறந்துவைத்தபோது அதற்குத் தொல்காப்பியப் பூங்கா என்று பெயர். இதற்கென்றே 2006-இல் தொடங்கிய அறக்கட்டளைதான் பின்னர் சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை ஆனது.

மீட்டெடுக்கும் திட்டத்தை வகுத்தவர்கள் ஆரோவில்லின் பிச்சாண்டிகுளம் குழுவினர். பொட்டலாய்க் கிடந்த செம்மண் நிலத்தில் 1970களிலிருந்து காடு வளர்த்துக் கற்றவர்கள். இடிபாட்டை அள்ளி, குளங்களைத் தோண்டி, நீருக்கு வழிவிட்ட பிறகு அவர்கள் நட்டவை இந்தக் கரையோரத்துக்கே உரிய மரம், செடி, கொடிகள். சோழமண்டலக் கரையின் உலர் பசுமைமாறாக் காடு இன்று பெரும்பாலும் கோயில் காடுகளில் துண்டு துண்டாகத்தான் எஞ்சியிருக்கிறது. அந்தக் காட்டின் மரங்களை ஒரு மாநகரின் நடுவில் மீண்டும் வளர்க்க முனைந்தது துணிச்சலான வேலை. நீர் வந்தது, மீன் வந்தது, மீனைத் தேடிப் பறவை வந்தது.

இப்படி ஓர் இடத்தில் வழிகாட்டியோடு ஒரு குடும்பம் நடக்கும்போது முதலில் சரிசெய்ய வேண்டியது வேகம். பெரியவர்கள் நடைப்பயிற்சிக் கணக்கில் எட்டிப் போடுவார்கள். ஆறு வயதுப் பிள்ளை பத்தடிக்கு ஒரு முறை குந்தி உட்காரும். ஆற்றங்கரைச் சேற்றைப் பார்க்கச் சரியான உயரம் அதுதான். நல்ல வழிகாட்டி பிள்ளையின் வேகத்துக்கே கூட்டத்தை இழுத்துப் பிடிப்பார். “அண்ணா, இங்க பாம்பு இருக்குமா?” என்று முதல் கேள்வி வரும். “இருக்கும், நாம சத்தமில்லாம போனா அது பாட்டுக்கு இருக்கும்” என்று சொல்லிவிட்டால் போதும், பாதி பயம் போய்விடும்.

எதை எந்த வரிசையில் காட்டுவது? அதற்கான திறவுகோல் பூங்காவின் பெயரிலேயே இருக்கிறது. தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களைப் புலன் கணக்கில் அடுக்குகிறது. தொடுவுணர்வு மட்டும் உள்ள புல்லும் மரமும் ஓரறிவு. சுவையும் சேர்ந்தால் நத்தை, சிப்பி. மோப்பமும் சேர்ந்தால் கறையான், எறும்பு. பார்வையும் சேர்ந்தால் நண்டு, தும்பி. செவியும் சேர்ந்தால் விலங்குகள். மனமும் சேர்ந்தால் மனிதர். இன்றைய உயிரியல் இந்தப் புலன் கணக்கை ஏற்காது. எறும்புக்கும் கண் உண்டு. ஆனாலும் குனிந்து, கூர்ந்து பார்த்த கண்கள் போட்ட வரிசை இது. இந்த ஆறு வகை உயிர்களும் ஓர் ஆற்றங்கழிமுகத்தில் அருகருகே கிடைக்கும். பிள்ளைகளிடம் இந்தப் பட்டியலைக் கொடுத்து, ஒவ்வோர் அறிவுக்கும் ஓர் உயிரைக் கண்டுபிடிக்கச் சொன்னால் அந்தக் காலை முழுக்க அவர்கள் சலிக்க மாட்டார்கள்.

ஓரறிவில் தொடங்கலாம். வெண்கண்டல் மரத்தடியில் சேற்றைக் குத்திக்கொண்டு பென்சில் பென்சிலாக மேலே நிற்பவை அதன் மூச்சுவேர்கள். காற்றில்லாத சேற்றில் புதைந்த வேர், மூச்சு விடுவதற்காக வானம் பார்த்து வளர்கிறது. அந்த மரத்தின் இலை தன் உப்பை வெளியே கசியவிடும். இலையைத் தடவிய விரலில் உப்புக் கரிக்கும். சுரபுன்னையோ விதையைக் கீழே போடுவதில்லை. மரத்திலேயே முளைவிட்டு, நீண்ட காய்போலத் தொங்கி, நாற்றான பிறகுதான் விழுகிறது. சற்று மேட்டில் நொச்சி, நுணா, புங்கன், பூவரசு. எருக்கஞ்செடி கண்ணில் பட்டால் இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கச் சொல்ல வேண்டும். வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சி முட்டையிடும் செடி அது. அதன் புழு எருக்கின் நச்சுப்பாலைத் தின்று உடம்பில் சேர்த்துக்கொள்கிறது. அதனால் பறவைகள் அதை ஒதுக்குகின்றன.

ஈரறிவுக்கும் மூன்றறிவுக்கும் அதிகம் தேட வேண்டியதில்லை. நீரோரத்தில் நத்தை ஊர்ந்த கோடு, பட்ட மரத்தில் கறையான் பூசிய மண்.

நான்கறிவில்தான் நடை நிற்கும். நீர் இறங்கிய சேற்றில் நூற்றுக்கணக்கான சிறு வளைகள் தெரியும். ஆள் அரவம் கேட்டதும் நண்டுகள் உள்ளே ஓடிவிடும். எல்லோரும் அசையாமல் இரண்டு நிமிடம் நின்றால் ஒவ்வொன்றாக வெளியே வரும். ஆண் நண்டுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடம்பையே மறைக்கும் அளவு பெரிது. அதை மேலும் கீழும் ஆட்டிப் பெட்டையை அழைக்கும். சிறு கொடுக்கால் சேற்றை அள்ளி வாயில் போட்டு, உணவைப் பிரித்துக்கொண்டு, மிச்சத்தை உருண்டையாக வெளியே வைக்கும். அது தோண்டும் வளை வழியாகத்தான் சேற்றுக்குள் காற்று போகிறது; அலையாத்தி வேருக்கும் அது உதவுகிறது. கைப்பேசியைப் பறித்து வைத்தும் ஒரு நிமிடம் சும்மா நில்லாத பிள்ளை, நண்டுக்காக நிற்கும். இந்த நடையின் பயனை வேறெங்கும் தேட வேண்டாம், அது இந்த இரண்டு நிமிடத்தில் இருக்கிறது.

ஐந்தறிவில், பறவைகளைப் பார்க்கத் தனியே ஒரு நாளே வேண்டும். வக்கா, மடையான், நெடுங்கால் உள்ளான், புள்ளிமூக்கு வாத்து, கறுப்பு வெள்ளை மீன்கொத்தி. மழைக்காலம் தொடங்கி மார்ச் வரை வடக்கிலிருந்து வலசை வரும் உள்ளான்களும் அடையாற்றுச் சேற்றுத் திட்டுகளில் இரை தேடும். கீரி குறுக்கே ஓடினால் அது பிள்ளைகளின் அதிர்ஷ்டம்.

ஆறறிவுக்கு வரும்போது வழிகாட்டி எதையும் மறைக்கக் கூடாது. இங்கே குப்பையைக் கொட்டியவரும் மனிதர், அள்ளியவரும் மனிதர். முகத்துவாரத்தின் இரு கரையிலும் ஊரூர் குப்பத்திலும் சீனிவாசபுரத்திலும் தலைமுறை தலைமுறையாக மீன் பிடிப்பவர்கள் வாழ்கிறார்கள். எந்தக் காற்றில் மணல் சேர்ந்து முகத்துவாரம் அடைபடும், எந்த வெள்ளத்தில் உடையும் என்பது அவர்களுக்குப் பாடம். இந்த நடைகளில் வழிகாட்டியாக அவர்களில் ஒருவர் இருப்பதே நியாயம்.

பல ஆண்டுகள் இந்தப் பூங்காவின் கதவு பள்ளி மாணவர்களுக்கும் முன்கூட்டிப் பதிவு செய்தவர்களுக்கும் மட்டுமே, குறிப்பிட்ட நாள்களில், ஊழியர் துணையோடு திறந்தது. பிளாஸ்டிக் பைக்கும் தடை. அப்போது பலர் அலுத்துக்கொண்டார்கள். ஆனால் முளைத்துவரும் காட்டுக்கு அந்தக் கெடுபிடி தேவைப்பட்டது. கூடு கட்டும் பறவைக்கு அமைதி கிடைத்தது. அதே கெடுபிடியால் சென்னைவாசிகளில் பெரும்பாலோர் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலேயே சுவரைக் கடந்து போய்வந்தார்கள் என்பதும் உண்மை. 2025-இல் புதுப்பித்துத் திறந்திருக்கிறார்கள். கூட்டம் கூடும். கூடட்டும். ஆனால் சிறு சிறு குழுவாக, வழிகாட்டியோடு, ஒலிபெருக்கி இல்லாமல் என்ற பழைய ஒழுங்கை மட்டும் கைவிடக் கூடாது.

சுவருக்கு வெளியே அடையாறு இன்னும் நலமாக இல்லை. ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளின் உபரி நீரில் தொடங்கி 42 கிலோமீட்டர் ஓடிவரும் ஆறு, வழியெல்லாம் சுத்திகரிக்காத கழிவுநீரைச் சுமந்துவருகிறது. கோடையில் முகத்துவாரத்தை மணல்திட்டு அடைத்துக்கொண்டால் கடல்நீர் உள்ளே வராது. தேங்கிய நீர் நாறும். 2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட்ட இரவில், இடம் சுருக்கப்பட்ட ஆறு தனக்குரிய இடத்தைத் தானே எடுத்துக்கொண்டது. நீர் பரந்து நிற்க எஞ்சியிருந்த இடங்களில் இந்தக் கழிமுகமும் ஒன்று. பூங்காவை அடுத்துள்ள ஓடை, கழிமுகம் என்று 300 ஏக்கரைச் சீரமைத்தது இதே திட்டத்தின் அடுத்த கட்டம். மொத்தம் 358 ஏக்கர். ஆற்று நீர் சுத்தமாகாமல் இந்த ஏக்கர்கள் மட்டும் நெடுங்காலம் தாக்குப்பிடிக்காது.

சென்னையில் பிள்ளை வளர்ப்பவர்கள் வரும் மார்கழியிலோ தையிலோ ஒரு காலை இதற்கு ஒதுக்க வேண்டும். நீர் வற்றும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு, எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீரோடு, சேறானாலும் பாதகமில்லாத செருப்போடு போக வேண்டும். மாநகராட்சிப் பள்ளிகள் தங்கள் பிள்ளைகளை ஆண்டுக்கு ஒரு தடவையாவது இங்கே அழைத்துவர வேண்டும். சீனிவாசபுரம், ஊரூர் குப்பத்துப் பிள்ளைகள் அந்த வரிசையில் முதலில் நிற்க வேண்டும்.